மூன்று சுற்று வேலைக்குப் பிறகும் போகாத 'டொக்': முன் சஸ்பென்ஷன் சத்தம் ஒன்றின் ஆய்வு

முன்சக்கரங்களால் ஓடும் சாதாரண ஹேட்ச்பேக் கார். ஓடோமீட்டர் 80,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. புகார் ஒன்றுதான்: சாலை கொஞ்சம் கரடுமுரடாக இருந்து, வண்டியும் மெதுவாகப் போனால், இடது முன்பக்கத்திலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம். வேகம் கூடினால் கேட்பதில்லை.

என்னிடம் வருவதற்கு முன்பே வேறொரு பட்டறையில் மூன்று சுற்று வேலை நடந்திருந்தது. முதலில் இரண்டு பக்க லிங்க் ராடுகளையும் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பிகள்) மாற்றினார்கள். அப்புறம் இடது லோயர் ஆர்மை (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு சேர்க்கும் கை), அதன் முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டோடு மாற்றினார்கள். கடைசியில் இரண்டு முன் ஷாக் அப்சார்பர்களும், அவற்றின் மேல் முனையைப் பாடியோடு சேர்க்கும் டாப் மவுண்ட்களும் புதிதாக வந்தன. ஒவ்வொரு முறையும் வண்டியை எடுத்துக்கொண்டு போன உரிமையாளர் முதல் தெருமுனையிலேயே அதே சத்தத்தைக் கேட்டிருக்கிறார். அடுத்து ஸ்டியரிங் ரேக்கை (ஸ்டியரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) மாற்றலாம் என்று பட்டறையில் சொன்னபோதுதான் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

இந்த மாதிரிப் புகாரில் வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் ஆளிடம் பேச வேண்டும். "சத்தம் வருது" என்பது போதாது. ஷாக் அப்சார்பர் மாற்றுவதற்கு முன் வந்த சத்தமும் இப்போது வருவதும் ஒன்றேதானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்னாடி பெரிய பள்ளத்துல இறங்கினா 'தொம்'னு கேக்கும் சார், ஸ்டியரிங்லயும் தெரியும். இப்ப அது இல்ல. இப்ப சின்னச் சின்னதா, இரும்புல தட்டுற மாதிரி இருக்கு" என்றார். அதாவது ஒரு சத்தம் போய், அதே மூலையில் இன்னொன்று வந்திருக்கலாம். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். வந்த இடம் ஒன்று, எரிச்சலும் ஒன்று.

ஓட்டிப் பார்த்ததில்

முதல் வேலையாக டிக்கியைக் காலி செய்தேன். ஜாக்கி, வீல் ஸ்பானர், தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டு அறையில் கிடந்த சில்லறைச் சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாயிற்று. சஸ்பென்ஷன் சத்தம் என்று வரும் வண்டிகளில் சில இந்தக் கட்டத்திலேயே சரியாகிவிடும். இது ஆகவில்லை.

பிறகு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, 10 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில், ஒட்டுப்போட்ட சாலையில் ஓட்டினேன். சத்தம் தெளிவாகவே வந்தது. இந்த இடத்தில் காதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். முன்பக்கத்தின் எல்லா உறுப்புகளும் சப் ஃப்ரேம் என்ற அடிச்சட்டத்தோடும் பாடியோடும் பிணைந்தவை. இடது மூலையில் பிறந்த தட்டல் நடுவில் கேட்கும், சில நேரம் காலடியில் கேட்கும். எங்கிருந்து வருகிறது என்பதை அப்புறம் பார்க்கலாம். எதைச் செய்தால் வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்பதை முதலில் பிரிக்க வேண்டும்.

அதே கரடுமுரடில் பிரேக் பெடலை லேசாகத் தொட்டபடி ஓட்டினேன். பிரேக் பேடை அழுத்தும் காலிபரின் ஸ்லைடு பின்னோ பேடோ ஆடிக்கொண்டிருந்தால், அந்த இலேசான அழுத்தத்திலேயே பிடிபட்டுச் சத்தம் அடங்கிவிடும். இங்கே அடங்கவில்லை. நின்ற இடத்தில் முன்னும் பின்னுமாக வண்டியை நகர்த்தி, ஒவ்வொரு முறையும் சட்டென்று பிரேக் பிடித்தேன். லோயர் ஆர்மின் பின் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) கிழிந்திருந்தாலும், சப் ஃப்ரேம் போல்ட் தளர்ந்திருந்தாலும், எஞ்சின் மவுண்ட் போயிருந்தாலும் திசை மாறும்போது கனமாக ஒரு 'தொம்' கிடைக்கும். ஒன்றும் இல்லை. நின்றபடியே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினேன். டாப் மவுண்ட் பேரிங் இறுகியிருந்தால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு 'டொய்ங்' என்று விடுபடும். அதுவும் இல்லை. முழுக்கத் திருப்பி வட்டமடித்தபோது, சக்கரத்துக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகும் சிவி ஜாயிண்ட்டின் 'டிக் டிக் டிக்' கேட்கவில்லை.

லிங்க் ராடை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சோதித்தேன். அது புதிது என்பதால் விட்டுவிட முடியாது; புதிய பாகத்திலும் பழுது வரும், நட் தளர்வாகவும் இருக்கலாம். ஸ்டெபிலைசர் பார் வேலை செய்வது இரண்டு சக்கரங்களும் வேறு வேறு உயரத்துக்குப் போகும்போது. சாலையின் முழு அகலத்துக்கும் இருக்கும் வேகத்தடையில் நேராக ஏறினால் இரண்டும் சேர்ந்தே எழும்பும், பார் முறுக்கிக்கொள்ளாது, லிங்க் மேல் பெரிய சுமை விழாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் பாரை முறுக்கும் சுமை முழுவதும் லிங்க் வழியாகப் போகும். ஆகவே, ஒரு பக்கப் பள்ளத்தில் மட்டும் சத்தம் வந்து, இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது நின்றுவிட்டால் லிங்க் மேலும் பார் புஷ் மேலும் சந்தேகம் வலுக்கும். இந்த வண்டி இரண்டிலும் ஒரே மாதிரி 'டொக்' என்றது. உறுதி செய்துகொள்ள இரண்டு லிங்க் ராடுகளையும் கழற்றி, பாரின் முனைகள் எதிலும் இடிக்காதபடி கட்டி வைத்துவிட்டு அதே இடத்தில் மெதுவாக ஓட்டினேன். சத்தம் துளிகூடக் குறையவில்லை. லிங்க் இல்லாமல் வளைவில் வண்டி வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும் என்பதால் இதை ஆளில்லாத இடத்தில், ஊர்ந்து போகும் வேகத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும். ஆனால் பாகம் எதுவும் வாங்காமல், அரை மணி நேரத்தில், சந்தேகத்தின் ஒரு பெரிய பகுதியை இது அடித்துவிடுகிறது.

ஆக, ஓட்டிப் பார்த்ததில் மிஞ்சியது இவ்வளவு: செங்குத்தான, சின்ன, வேகமான அசைவில் மட்டும் வரும் சத்தம். பிரேக்குக்கும் திசை மாற்றத்துக்கும் ஸ்டெபிலைசருக்கும் சம்பந்தமில்லை. ஸ்ட்ரட்டும் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) அதன் இரு முனைகளும், பால் ஜாயிண்ட்டும், ஒரு வேளை ஸ்டியரிங் ரேக்கின் உள் புஷ்ஷும் மீதி.

லிஃப்டில் ஏற்றினால் எல்லாம் நல்லபிள்ளை

வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை மேல் கீழாகவும் இடம் வலமாகவும் பிடித்து ஆட்டினேன். பிளே (மூட்டின் தளர்வு ஆட்டம்) எதுவும் கைக்குத் தட்டவில்லை. ஆர்முக்கும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் நடுவே கம்பியைக் கொடுத்து நெம்பினேன், பால் ஜாயிண்ட் கெட்டி. ரேக்கை நக்கிளோடு சேர்க்கும் டை ராடு எண்ட் கெட்டி. ரேக்கின் பெல்லோஸ் என்ற மடிப்பு உறை வழியாக உள் ஜாயிண்ட்டைப் பிடித்துப் பார்த்ததிலும் குறை தெரியவில்லை. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடையவில்லை. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை. முந்தைய பட்டறையிலும் இதே காட்சியைத்தான் பார்த்திருப்பார்கள். எல்லாம் சரியாகத் தெரியும்போது 'அடுத்ததை மாற்றிப் பார்ப்போம்' என்று கை போவது இங்கேதான்.

தூக்கி வைத்த கார், தரையில் நிற்கும் கார் அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சக்கரம் தொங்கும்போது மூட்டுகளின் மேல் விழும் சுமையின் திசையும் அளவும் மாறிவிடுகின்றன. ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கை இழுத்துப் பிடிக்கும். தேய்ந்த லிங்க்கும் அப்போது கெட்டியாகத் தெரியும். லிங்க்கைப் பார்க்க இரண்டு சக்கரமும் தொங்க வேண்டும், அல்லது இரண்டும் தரையில் இருக்க வேண்டும். ஸ்ட்ரட்டின் மேல் முனையிலோ நிலைமை இன்னும் மோசம். அங்கே தொங்கவிட்டுப் பார்ப்பது பிளேயை முழுசாகவே மறைத்துவிடும்.

காரணம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற அந்த அமைப்பிலேயே இருக்கிறது. எர்ல் மெக்ஃபர்சன் 1940களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே கேடட் என்ற சிறிய காருக்காக யோசித்துத் தொடங்கிய வடிவம் இது. கேடட் சந்தைக்கு வரவே இல்லை. அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950இல் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரில் இந்த ஸ்ட்ரட் இடம்பெற்றது. மேல் ஆர்ம் என்ற ஒன்றையே எடுத்துவிட்டு, ஷாக் அப்சார்பரையே தூணாக நிறுத்தி, ஸ்பிரிங்கை அதன் மேல் மாட்டிவிட்டார். செலவு மிச்சம், இடம் மிச்சம். அதற்கு விலையாக, ஷாக் அப்சார்பர் ராடு பாடியோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் மவுண்ட், ஒரு பேரிங், ஒரே ஒரு நட். அந்த ராடின் சங்கதி முழுவதும் அந்த நட்டை நம்பியிருக்கிறது.

வண்டி தரையில் நிற்கும்போது எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது பேரிங் வழியாக மவுண்ட்டையும் பாடியையும் தள்ளுகிறது. ராடுக்கு எடை தாங்கும் வேலை கிடையாது. உள்ளே இருக்கும் வாயு அழுத்தம் அதைக் கொஞ்சம் மேலே தள்ளும்: 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள ராடு, 5 பார் அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தள்ளல் சுமார் 16 கிலோதான். சக்கரம் மேலே வரும்போது ராடு மேல்நோக்கித் தள்ளப்படும், சக்கரம் கீழே இறங்கும்போது கீழ்நோக்கி இழுபடும். இந்த இழு-தள் ஒவ்வொரு சின்ன மேடு பள்ளத்திலும் மாறி மாறி நடக்கிறது. ராடின் தோள்பட்டைக்கும் (ராடு மெலிந்து மரை தொடங்கும் முன் இருக்கும் படி) நட்டுக்கும் நடுவே மவுண்ட்டின் உள் குழாய் இறுகப் பிடிபட்டிருந்தால் ஒன்றும் கேட்காது. நடுவில் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும், ஒவ்வொரு மாற்றத்திலும் இரும்பு இரும்பில் இடிக்கும்.

இப்போது அதே வண்டியைத் தூக்குங்கள். சக்கரம் தொங்குகிறது, ஷாக் அப்சார்பர் முழுக்க நீண்டுவிடுகிறது. நீளாமல் மிச்சமிருக்கும் ஸ்பிரிங், மவுண்ட்டை மேலேயும் ஸ்ட்ரட் உடம்பைக் கீழேயும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது ராடுதான். ஸ்பிரிங்கின் மிச்ச விசையும் தொங்கும் சக்கரத்தின் எடையும் சேர்ந்து, பெரும்பாலான கார்களில் நூறு கிலோவுக்கு மேல், அந்த நட்டை மவுண்ட்டோடு சேர்த்து அழுத்துகின்றன. இடைவெளி முழுவதும் ஒரே பக்கமாக ஒதுங்கிவிடும். கையால் எவ்வளவு ஆட்டினாலும் அந்த விசையை வெல்ல முடியாது. லிஃப்டில் நல்லபிள்ளையாக இருக்கும் ஸ்ட்ரட், தரையில் இறக்கியதும் தட்டத் தொடங்கும்.

விரல் நுனியில்

வண்டியைத் தரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்தேன். டாப் மவுண்ட்டின் ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, ஒரு விரல் நட்டின் மேலும் மவுண்ட்டின் விளிம்பிலும் ஒரே நேரத்தில் படும்படி வைத்தேன். உதவிக்கு இருந்தவரிடம் இடது மூலையை அழுத்தச் சொன்னேன். வழக்கமாக எல்லோரும் செய்வதுபோல ஆழமாக அழுத்தி விட்டபோது எதுவும் இல்லை. ஆழமான, மெதுவான அசைவில் ஷாக் அப்சார்பருக்குள் எழும் விசை குறைவு. குறுகலாக, படபடவென்று தட்டச் சொன்னதும் விரலுக்கு அடியில் ஒரு 'டிக்'. மறுபடி தட்டினால் மறுபடி 'டிக்'. ராடின் முனை மவுண்ட்டைவிட ஒரு நொடியின் பின்னத்துக்குப் பின்தங்கி வருவது கண்ணில் படவில்லை, விரலில் பட்டது. வலது பக்கத்தில் அதே தட்டலுக்கு ராடும் மவுண்ட்டும் ஒன்றாகவே அசைந்தன.

விரலை மட்டும் நம்பிச் சாமானைக் கழற்றக் கூடாது என்பதால், நக்கிள், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், ரேக் ஆகிய நான்கு இடங்களிலும் கிளிப் மாட்டும் சின்ன மைக்குகளைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தட்டல் கேட்டது. இரும்பு வழியாகச் சத்தம் எங்கும் போகும். ஆனால் மற்ற இடங்களில் மழுங்கி வந்தது, மேல் மவுண்ட்டில் ஊசி குத்துவதுபோலக் கூர்மையாக வந்தது. அளவை மட்டும் ஒப்பிடுவதைவிட இந்தக் கூர்மையைக் கவனிப்பது நல்லது.

சரி, நட் தளர்வு என்று நினைத்தால் அங்கே ஒரு முட்டுக்கட்டை. அலென் கீயால் ராடு சுழலாமல் பிடித்துக்கொண்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சை (குறித்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்னும் ஸ்பானர்) வைத்தேன். நட் அசையவே இல்லை, உடனே 'கிளிக்'. முழு இறுக்கம். அப்படியானால் நட் எதன் மேல் இறுகியிருக்கிறது?

இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தபோது விடை அங்கேயே இருந்தது. நட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரை இரண்டு பக்கமும் ஒரே உயரம் இருக்க வேண்டும். இடது பக்கம் இரண்டரை மில்லிமீட்டர் அதிகமாக நீட்டியிருந்தது. ஒரே கம்பெனி, ஒரே ஜோடி, ஒரே நாளில் மாட்டிய ஸ்ட்ரட்கள். இடது நட் அவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்றால் அடியில் ஏதோ ஒன்று இல்லை என்று அர்த்தம்.

"பழைய சாமான் எல்லாம் டிக்கியிலதான் கிடந்துச்சு சார், பார்க்கிறீங்களா?" என்று உரிமையாளரே கேட்டார். காலையில் நான் இறக்கி வைத்த சாமான்களோடு ஓர் அட்டைப்பெட்டியும் இருந்தது. மாற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. பழைய இடது ஸ்ட்ரட்டின் ராடில், தோள்பட்டையின் மேல், தடித்த ஒரு வாஷர் துருவேறி ஒட்டியிருந்தது. ராடின் பகுதியே அதுதான் என்று நினைக்கும்படி அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தது. துருநீக்கி தெளித்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியதும் கழன்றது. வெர்னியரில் அளந்தால் 3 மில்லிமீட்டர். பழைய வலது ஸ்ட்ரட்டில் அந்த இடம் காலி. வலது பக்கம் வாஷர் சுலபமாகக் கழன்று புதியதற்கு இடம் மாறியிருக்கிறது. இடது பக்கம் பழைய ராடோடு போய்விட்டது. புதிய ஸ்ட்ரட் பெட்டியில் வாஷர் வருவதில்லை, பழையதை மாற்றிப் போட வேண்டிய அமைப்பு.

கணக்கும் பொருந்தியது. வாஷர் இல்லாததால் அடுக்கின் தடிமன் 3 மில்லிமீட்டர் குறைந்தது. நட் இரண்டரை மில்லிமீட்டர் கீழே இறங்கியதும் மரை முடிந்துவிட்டது. அங்கே முட்டி நின்றுகொண்டு, இறுகிவிட்டதாக டார்க் ரெஞ்சுக்குச் சொல்லியது. மிச்சம் அரை மில்லிமீட்டர், மவுண்ட்டின் உள் குழாய் ஆடுவதற்கு. நட் டைட், பிடிப்பு இல்லை. இம்பாக்ட் கன்னால் முடுக்கியிருந்தால் இது தெரிய வாய்ப்பே இல்லை. கையால் இறுக்கியிருந்தால், ரப்பர் மவுண்ட்டைப் பிடிக்கும்போது வரும் மெதுவான இறுக்கம் வராமல் சட்டென்று கல்லில் முட்டியதுபோல நின்றதைக் கை உணர்ந்திருக்கும்.

பழைய டாப் மவுண்ட்டையும் பார்த்தேன். ரப்பர் இரும்பிலிருந்து பாதிச் சுற்றுக்குப் பிரிந்திருந்தது. பெரிய பள்ளத்தில் 'தொம்' என்ற முதல் சத்தம் இதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆக, முந்தைய பட்டறை மூன்றாவது சுற்றில் சரியான பாகத்தைத்தான் மாற்றியது. மூலச் சத்தம் அன்றே போயிருக்கிறது. அதே வேலை இன்னொன்றை அதே இடத்தில் வைத்துவிட்டது. உரிமையாளர் காதுக்கு ஒரு நாள்கூட இடைவெளி கிடைக்கவில்லை என்பதால் வேலையே வீண் என்று தோன்றியிருக்கிறது. ரேக்கை மாற்றியிருந்தாலும் இந்த 'டொக்' அப்படியேதான் இருந்திருக்கும்.

சரிசெய்தது

இடது ஸ்ட்ரட்டை முழுசாக இறக்கி, ஸ்பிரிங் கம்ப்ரஸரைப் போட்டு, மேல் இருக்கையில் ஸ்பிரிங் அழுத்தம் விடுபட்டதைக் கையால் உறுதி செய்த பிறகுதான் நட்டைக் கழற்றினேன். இந்த ஒரு விஷயத்தில் அவசரம் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கோடு மேல் நட்டைக் கழற்றினால் மவுண்ட் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும், ஆள் செத்ததுண்டு.

உள்ளே தோள்பட்டையில் கண்ணாடிபோலப் பளபளக்கும் ஒரு வளையம் விழுந்திருந்தது. சுற்றிலும் செம்பழுப்பு நிறத்தில் மாவு போன்ற தூசி. இரும்பு இரும்போடு நுண்ணிய அளவில் உரசிக்கொண்டே இருந்தால் விழும் துருத்தூள் அது. விரலில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். மரை சேதமாகவில்லை, குழாயின் அடிவிளிம்பு கொஞ்சம் நசுங்கியிருந்தது. மவுண்ட்டைப் புதிதாகப் போட்டேன். ராடின் தோள்பட்டை அளவில் தேய்மானம் இல்லாததால் ஸ்ட்ரட் அதேதான். வாஷரும் பழையதையே சுத்தம் செய்து பார்த்தபோது வளைவு இல்லாமல் இருந்தது, அதையே போட்டேன். மரை முடியும் இடத்தில் நட் முட்டியதால் அந்த நட்டை மட்டும் திரும்பப் பயன்படுத்தவில்லை. புதிய நட்டைக் கையால் இறக்கி, ராடைப் பிடித்துக்கொண்டு டார்க் ரெஞ்சால் முடித்தேன். இந்த முறை நட்டுக்கு மேல் நீட்டிய மரை வலது பக்கத்தோடு சமமாக இருந்தது.

ஸ்ட்ரட்டை நக்கிளோடு சேர்க்கும் போல்ட் துளைகளில் கொஞ்சம் இடம் இருக்கும், கழற்றி மாட்டினால் கேம்பர் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) நகரலாம். அதனால் வீல் அலைன்மென்ட் அவசியம். அதற்கு அனுப்புவதற்கு முன் முந்தைய பட்டறை மாட்டிய லோயர் ஆர்மின் புஷ் போல்ட்களைத் தளர்த்தினேன். வண்டியைச் சக்கரங்களின் மேல் நிறுத்தி, முழு எடையும் விழுந்த நிலையில் மறுபடி இறுக்கினேன். ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கியிருந்தால், வண்டி தரையில் இருக்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். எந்த நிலையில் இறுக்கினார்கள் என்று தெரியாதபோது திரும்பச் செய்துவிடுவது நல்லது. சில நிமிட வேலை.

அதே ஒட்டுப்போட்ட சாலையில் ஓட்டியபோது டயர் சத்தம் மட்டுமே கேட்டது. நட்டின் மேலும் ராடு முனையின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவைத்தேன். அலைன்மென்ட் முடிந்து வந்தபோதும் கோடு நேராகவே இருந்தது. விரலை வைத்துப் படபடவென்று தட்டிப் பார்த்ததிலும் 'டிக்' இல்லை. வலது லோயர் ஆர்மின் பின் புஷ்ஷில் மேலோட்டமான வெடிப்புகள் தெரிந்தன. இப்போதைக்கு அதனால் சத்தமோ பிளேயோ இல்லை. அடுத்த சர்வீஸில் கண்ணால் பார்த்தால் போதும், அதுவரை கை வைக்க வேண்டாம் என்று வேலைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.